பைத்தான் கத்துக்கிற லிஸ்ட் ஒண்ணும், 25 கிலோ மீனும்

கீழக்கரைல இருந்து கூட்டாளி நேத்து கேட்டான், மாப்ள நீ மூணு வருசமா பைத்தான்ங்கிற கம்ப்யூட்டர் புரோகிராம் மொழி கத்துக்க ஒரு லிங்க் லிஸ்ட் வச்சு படிச்சியே, வீடியோ, பாடம், பயிற்சின்னு எல்லாம் ஒரே எடத்துல இருக்குமே, அத என் தங்கச்சிக்கு அனுப்பவா, காலேஜ் மொத வருசம் சேந்திருக்கான்னு. ஒத்த வரில பதில் வரல, அதான் இங்க எழுதுறேன்.

யாரோ ஒருத்தர் சம்பளம் இல்லாம உக்காந்து நூத்துக்கணக்குல லிங்க் சேத்து வச்சிருக்கார், அந்த ஒழைப்புக்கு கும்புடு போடணும். பைத்தானோட சொந்த டுடோரியல், மொத்த டாக்குமெண்ட் எல்லாத்தையும் ஒரே ஜிப் ஃபைலா (சுருக்கி கட்டுன ஃபைல்) எறக்கி வச்சுக்கலாம்ங்கிறதே அதுல பாத்துதான் எனக்கு தெரியும். நான் இருக்கது தங்கச்சிமடம், வாடைக் காத்தோட மழை புடிச்சா கரண்டும் போயிரும் டவரும் போயிரும், அன்னைக்கெல்லாம் லேப்டாப்ல சார்ஜ் இருக்க வரைக்கும் அந்த ஜிப்ப தொறந்து வச்சுத்தான் லூப்பு, டிக்சனரி, ஃபங்சன்னு ஒவ்வொண்ணா புடிச்சேன். பைத்தான் எனக்கு கைக்கு வந்தது அப்படித்தான்.

ஆனா ஒண்ணு மட்டும் இன்னும் மனசு ஆறல. எந்த லிங்க் பக்கத்துலயும் அது பைத்தானோட எந்த வெர்சனுக்கு, பழைய 2க்கா புது 3க்கா எழுதுனது, கடைசியா எப்ப ஓட்டிப் பாத்ததுன்னு ஒரு வார்த்தை கெடையாது. பைத்தான் 3 வந்தது 2008 டிசம்பர், 2க்கு சப்போர்ட்ட நிப்பாட்டுனது 2020 ஜனவரி 1, நடுவுல பதினோரு வருசம் ரெண்டும் சேந்தே ஓடுனதால 2க்கு எழுதுன பழைய பாடம் நெட்டு பூரா கெடக்கு, இந்த லிஸ்ட்லயும் மேல மேல கெடக்கு.

போன மே மாசம், மீன்பிடி தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில கட்டிக் கெடக்கு, வல்லம் மட்டும் போகுது. அக்கா மகனுக்கு லீவு, லிஸ்ட்ல மொத லிங்க தொறந்து குடுத்துட்டு நான் வேலைக்கு போயிட்டேன். அது 2க்கு எழுதுன பாடம், அவன் ஓட்டுறது 3ல. திரையில காட்டச் சொல்ற பிரிண்டுக்கு அடைப்புக்குறி இல்ல, டைப் பண்றத வாங்குறதுக்கு ரா இன்புட்டுன்னு பழைய பேர் இருக்கு, அதெல்லாம் செவப்புல எரர் காட்டும், தேடி சரி பண்ணிரலாம், அவனே பண்ணிட்டான். வகுத்தல்லதான் மாட்டிக்கிட்டான். 25ஐ 4ஆல வகுத்தா 6ன்னு பாடத்துல இருக்கு, அவன் ஸ்கிரீன்ல 6.25. எரரும் இல்ல ஒண்ணும் இல்ல. பைத்தான் 2ல ரெண்டு முழு எண்ண வகுத்தா தசமத்த வெட்டிரும், 3ல தசமத்தோட வரும், பழைய மாதிரி வேணும்னா ரெண்டு சாய்கோடு போடணும், இது அவனுக்கு எப்படி தெரியும்? சாயங்காலம் முச்சூடும் அதே வரிய திருப்பி திருப்பி அடிச்சுட்டு, மாமா எனக்கு இது வராதுன்னு கண்ணு கலங்கி நிக்கிறான். 25 கிலோ மீன நாலு பங்கு போட்டா எவ்வளவுன்னு கரையில யாரக் கேட்டாலும் சொல்லுவாய்ங்க, அவன் அப்பா வல்லத்துல போறவர், கால் கிலோவ விட்டுட்டு வீட்டுக்கு வருவாரா? சரியான விடைய கையில வச்சுக்கிட்டு பிள்ள தன்னையத்தான் தப்புன்னு நெனச்சிருக்கான்.

ராத்திரி அவன உக்கார வச்சு வெர்சன் கதைய சொல்லி, 3ல வேரியபிளுக்கு, அதான் மதிப்ப போட்டு வைக்கிற டப்பா மாதிரி, அதுக்கு தமிழ்லயே பேர் வைக்கலாம்டான்னு காட்டுனேன். மீன் 25, ஆள் 4ன்னு அவனே அடிச்சான், மீன ஆளால வகுத்தான், 6.25 வந்துச்சு, அந்த மொகத்த பாக்கணுமே! அந்த வெர்சன் கதைய சொல்ற பாடமும் இதே லிஸ்ட்லதான் இருக்கு, கீழ எங்கயோ, எம்பதாவது லிங்க் தாண்டி.

தொகுத்தவருக்கு ரெண்டு தடவ எழுதுனேன், பதில் இல்ல. அவருக்கும் குடும்பம், வேலைன்னு இருக்கும், புரியுது. ஆனா ஒரு லிங்க சேக்க நேரம் இருக்குல்ல, பக்கத்துல 2ன்னோ 3ன்னோ ஒத்த எழுத்து போட எவ்வளவு நேரம் ஆயிரப்போகுது?

மாப்ள, அனுப்பாத. எனக்கு சொல்லிக்குடுத்த லிஸ்ட்டுதான், ஆனாலும் அனுப்பாத. அதுல 11 லிங்க நானே ஓட்டிப் பாத்து, வெர்சன், தேதி, எத்தன எம்பி டேட்டா இழுக்கும்னு பக்கத்துல எழுதி வச்சிருக்கேன். தங்கச்சி லேப்டாப்ல எந்த வெர்சன் கெடக்குன்னு மட்டும் கேட்டு சொல்லு, இன்னைக்கு ராத்திரியே அனுப்புறேன்.