சிஎஸ்பி விபத்து விசாரணை வீடியோக்கள்: ஆபரேட்டர்களுக்கு மட்டும் போட்டால் போதாது

ரசாயன ஆலையில் ஷிப்ட் பொறுப்பில் இருக்கிறேன். புது ஆபரேட்டர்களுக்குப் பயிற்சி கொடுக்க, அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியமான சிஎஸ்பி வெளியிடும் விசாரணை வீடியோக்களையும் அறிக்கைகளையும்தான் அதிகம் நம்புகிறேன். எல்லாம் இலவசம். அபராதம் போடும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. காரணத்தைத் தேடிப் பரிந்துரை சொல்வதுதான் வேலை.

2005 மார்ச் 23-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டியிலிருந்த பிபி நிறுவனத்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் இறந்தார்கள். யூனிட்டை ஸ்டார்ட் செய்யும்போது, திரவங்களைப் பிரிக்கும் 170 அடி கோபுரத்தில் திரவம் கிட்டத்தட்ட 158 அடிக்கு ஏறிவிட்டது. கண்ட்ரோல் ரூம் திரையிலோ லெவல் 8 அடிதான், அதுவும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. தனியாக வைத்திருந்த இரண்டாவது ஹை லெவல் அலாரமும் அடிக்கவில்லை. உள்ளே எவ்வளவு போகிறது, வெளியே எவ்வளவு வருகிறது என்பதை ஒரே திரையில் பார்க்க வழியில்லை. இந்த இடத்தில் வீடியோவை நிறுத்தி, "நீங்கள் அந்த நாற்காலியில் இருந்தால் எதை நம்புவீர்கள்?" என்று கேட்பேன். ஒருவரும் சட்டென்று பதில் சொல்வதில்லை.

ஆனால் 300 பக்கத்துக்கு மேல் போகும் அறிக்கையைப் படித்தால்தான் முழு விஷயமும் பிடிபடும். 29 நாளுக்கு மேல் தொடர்ந்து 12 மணி நேர ஷிப்ட் பார்த்த ஆபரேட்டர்கள், ஆள் குறைப்பால் இரண்டு பேர் வேலையை ஒருவரே பார்த்த கண்ட்ரோல் போர்டு, பழுது தெரிந்தும் சரிசெய்யாமல் ஸ்டார்ட் செய்த யூனிட், மேலிடம் கேட்ட 25 சதவீதச் செலவுக் குறைப்பு. வெளியேறும் வாயுவை எரித்துவிடும் ஃப்ளேர் இல்லாமல், கோபுரத்திலிருந்து வழிவதை வாங்கி நேராக வெளிக்காற்றில் திறந்த பழைய ப்ளோடவுன் டிரம். அதன் பக்கத்திலேயே காண்ட்ராக்ட் ஆட்களின் டிரெய்லர்கள். இறந்த 15 பேரும் அங்கே இருந்தவர்கள்தான். வழுக்கி விழுந்த காயங்கள் குறைந்ததைக் காட்டி ஆலை பாதுகாப்பாக இருக்கிறது என்று நிர்வாகம் நம்பியதையும் அறிக்கை விடாமல் எழுதியிருக்கிறது. எனக்கு மிகவும் வலித்த பகுதி அது.

குறை என்றால், அனிமேஷனில் வெடிப்புக்குக் கிடைக்கும் நேரம் இந்த நிர்வாக முடிவுகளுக்குக் கிடைப்பதில்லை. விளக்கமும் வேகமான ஆங்கிலத்தில் ஓடுகிறது. நான் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்கிறேன்.

சேஃப்டி வாரத்தில் ஆபரேட்டர்களை உட்காரவைத்துப் போட்டுவிட்டு முடித்துக்கொள்ளாதீர்கள். மெயின்டனன்ஸ் பட்ஜெட்டில் கையெழுத்துப் போடுபவர்களையும் முன்வரிசையில் உட்காரவையுங்கள். அப்புறம் அறிக்கையில் நிர்வாகம் பற்றிய பகுதியை அவர்கள் கையில் கொடுங்கள்.