ஆஸ்பத்திரி வார்டுக்கே வந்து "இழப்பீடு வாங்கித் தர்றேன்" என்பவரிடம் ஃபைலைக் கொடுக்காதீர்கள். எங்களுக்கு 68,500 ரூபாய் போய்விட்டது

இன்னும் படபடப்பு அடங்கவில்லை. நேற்று மதியம்தான் தெரிந்தது, அண்ணனுக்கு நடந்த விபத்துக்கு இழப்பீடு கேட்டு எந்த வழக்கும் போடப்படவே இல்லை. 68,500 ரூபாய் கொடுத்திருக்கிறோம். அண்ணியின் இரண்டு வளையலும் அடகில் இருக்கின்றன.

அண்ணன் தவில்காரர். கும்பகோணம் சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், கோயில் புறப்பாடு என்று இருபது வருடமாக வாசிக்கிறார். ஆவணிக் கடைசி முகூர்த்தம் முடிந்து வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, பாபநாசம் தாண்டி, லாரியை முந்திக்கொண்டு எதிரே வந்த லோடு வேன் அடித்துவிட்டது. மண்டைக்குள் ரத்தக் கட்டு. தஞ்சாவூரில் ஆபரேஷன், பதினேழு நாள் வார்டு.

அந்த வார்டில்தான் அந்த ஆள் வந்தார். விபத்து கிளைம் வாங்கித் தருவதாகப் போர்டு மாட்டிய ஒரு கன்சல்டன்சி ஆபீஸின் ஆள். அண்ணிக்கு டீயும் பன்னும் வாங்கி வந்தார். எஃப்ஐஆர் நம்பர் எங்களுக்கே தெரியாத நேரத்தில் அவர் கையில் இருந்தது. தலையில் கட்டோடு படுத்திருந்த அண்ணனின் விரல்களைப் பார்த்து, "தவில் விரலாச்சே! எங்க மாமாவும் நாயனக்காரர்தாம்மா" என்றார். அண்ணி அழுதுவிட்டார். பத்து நாளாக எங்களிடம் யாரும் அப்படிப் பேசவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் டிஸ்சார்ஜ் சம்மரி, சிடி ஸ்கேன் ஃபிலிம், காயச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரிஜினலாகவே கொடுத்தோம். எழுதாத தாள்களில் அண்ணி ஆறு இடத்தில் கையெழுத்துப் போட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன், தடுக்கவில்லை.

முதலில் கோர்ட் ஃபீஸ் என்று 15,000. அப்புறம் ஊனச் சான்றிதழுக்கு 28,500. அரசு ஆஸ்பத்திரியில் அதற்குப் பணமே வாங்குவதில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. டாக்டரைச் சாட்சிக்கு அழைக்க 25,000. மொத்தம் 68,500. ஒரு ரூபாய்க்குக்கூட ரசீது இல்லை. வருகிற இழப்பீட்டில் கால் பங்கு வேறு பேசியிருந்தார். வக்கீல் அப்படிப் பங்கு பேசுவதற்கே பார் கவுன்சில் விதி இடம் தருவதில்லையாம்.

கேட்கப் போனால் ஒவ்வொரு மாதமும் ஒரு பதில். "சார் ஹியரிங்ல இருக்காங்க." "மார்கழி போகட்டும்மா, தை பொறந்ததும் மூவ் பண்ணிடுவோம்." கோர்ட்டுக்கு மார்கழி ஏது என்று அன்றைக்குத் தோன்றவில்லையே! பிறகு, "மாசி மகம் கூட்டம், அப்புறம் வாங்க." ஒருநாள் அண்ணனையே நேரில் கூட்டிப்போனேன். அந்த ஆள் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கை கால் நல்லாத்தானே இருக்கு? ஊனம் பத்து பர்சென்ட் கூட வராது" என்றார்.

கை கால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கோர்வை என்கிற முடிவுக் கணக்கை வாசித்து, தாளம் தொடங்கும் இடமான சமத்துக்கு வர வேண்டிய நேரத்தில் அண்ணன் நின்றுவிடுகிறார். எந்த எண்ணிக்கையில் இருந்தோம் என்பது மறந்துபோகிறது. மும்மூன்றாக எண்ணும் திஸ்ரம் வாசிக்கத் தொடங்கி எங்கேயோ போய்விடுகிறார், வியர்த்துக் கொட்டுகிறது. வாசனை தெரிவதில்லை. குழந்தை ஒரு கேள்வி கேட்டால் தட்டை வீசுகிறார், பிறகு அழுகிறார். தை, மாசி இரண்டு மாதமும் ஒரு முகூர்த்தத்துக்குக்கூட அழைப்பு இல்லை.

நேற்று பக்கத்து வீட்டுத் தம்பி கன்சல்டன்சி ஆள் கொடுத்த எம்சிஓபி (விபத்து இழப்பீட்டு மனு) நம்பரை நீதிமன்ற வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டுப் பார்த்தான். அது வேறு யாரோ ஒருவருடைய பழைய வழக்கு. அண்ணன் பேரைப் போட்டுத் தேடினோம், ஒன்றும் வரவில்லை. போன் செய்தால் ஸ்விட்ச் ஆஃப். ஆபீஸில் இருந்த பெண், ஃபைல் வேண்டுமென்றால் இன்னும் 10,000 கட்டச் சொல்கிறாள். போலீஸில் புகார் கொடுத்து புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கிவிட்டோம்.

நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் குழுவுக்கு ஓடினோம். அங்கிருந்த வக்கீல் அம்மா சொன்னது வயிற்றைக் கலக்கியது. 2022 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ள சட்டப்படி விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். எங்களுக்குப் பத்து நாள்கூட மிச்சமில்லை. அவர் சொன்ன இன்னொன்றுதான் கொஞ்சம் தெம்பு கொடுத்தது. சான்றிதழில் எத்தனை சதவீதம் என்பதோடு முடிந்துவிடாது, அந்த ஊனத்தால் அவர் செய்துவந்த தொழிலில் எவ்வளவு வருமானம் போனது என்று பார்க்க வேண்டும் என 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதாம். அண்ணனை நினைவாற்றல், கவனம் சோதிக்கும் உளவியல் பரிசோதனைக்கும் அனுப்பச் சொன்னார். இந்த 68,500 வாங்கிய ஆள் ஐந்து மாதத்தில் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. இவற்றை மட்டும் பாருங்கள். ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். வழக்கு நம்பர் கொடுத்தால் அன்றைக்கே செயலியில் பாருங்கள். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சட்ட உதவி இலவசம், 15100க்குப் போன் செய்யுங்கள்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரி ரெக்கார்டு பிரிவில் நகல் கேட்டு நாளை முதல் பஸ்ஸில் நானும் அண்ணியும் போகிறோம்.