பிக்கார்டா, சிஸ்கோவா: போர்க்காலத் தலைமையின் இரு வழிகள்

போர் அறத்தை அறிவியல் புனைவின் வழியே ஆராய விரும்பி, எந்தத் தலைவரிடம் தொடங்குவது என்று தயங்குவோருக்காக ஸ்டார் ட்ரெக் என்னும் விண்வெளித் தொலைக்காட்சித் தொடர்களின் இருவரை, விண்கலத் தலைவர் பிக்கார்டையும் விண்வெளி நிலையத் தலைவர் சிஸ்கோவையும், ஒப்பிடுகிறேன்.

முடிவு
பிக்கார்ட் (1992இல் ஒளிபரப்பான கதையில்): தனிமனித உணர்வின்றி ஒரே கூட்டு மனமாக இயங்கும் பாதி இயந்திர எதிரிகளான போர்க் (Borg) இனத்தையே அழிக்கவல்ல நிரலை, காயமுற்றுப் பிடிபட்ட அவ்வினத்தவன் ஹியூவின் வழியே அனுப்பும் திட்டத்தை, அவனுக்குள் ஒரு தனிமனிதனைக் கண்டதும் கைவிடுகிறார். அதே இனத்திடம் தாமே சிறைப்பட்டு வதைபட்டவர் என்பதால் இந்த மறுப்பின் எடை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.
சிஸ்கோ (1998இல் ஒளிபரப்பான கதையில்): தோற்றுக்கொண்டிருக்கும் போரில், அதுவரை ஒதுங்கியிருந்த ரோமுலர்கள் என்னும் வேற்றினத்தாரைத் தம் அணிக்கு இழுக்கப் பொய்ச் சான்று தயாரிக்கிறார், பொய்யைக் கண்டறிந்த ரோமுலர் செனட்டரைச் சிஸ்கோவின் கூட்டாளி காராக் கொல்ல, அதன் பயனைச் சிஸ்கோ ஏற்றுக்கொள்கிறார்.

விலை
பிக்கார்ட்: எதிரி பிழைக்கிறான், மேலதிகாரி பின்னர் கண்டிக்கிறார்.
சிஸ்கோ: சில உயிர்களும் தன்மதிப்பும்.

நிலைப்பு
பிக்கார்ட்: அவர் முடிவு வெளிப்பட்டாலும் குலையாது.
சிஸ்கோ: உண்மை புதைந்திருக்கும்வரை மட்டுமே நிற்கும், அதனால்தான் நடந்ததைச் சொல்லும் தம் பதிவையே அழிக்கிறார்.

நிராயுதபாணியான எதிரியின் உரிமையை ஆராய்வோருக்குப் பிக்கார்டே பொருந்துவார். தோல்வியின் விளிம்பில் நல்லவர் ஒருவர் படிப்படியாக எப்படிச் சரிகிறார் என்பதை அறிய விரும்புவோர் சிஸ்கோவிடம் செல்லலாம். ஆனால் அவருக்குக் கிடைத்த வெற்றியை அவர் செயலுக்கான நியாயமாக நான் ஏற்கவில்லை.