புதுப் பெயிண்டில் நிற்கும் பழைய டிரெய்லர்: முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

பழைய பிளாட்பெட் டிரெய்லர் (பக்கச் சுவர் இல்லாத தட்டையான டிரெய்லர்) ஒன்று வாங்கி ஏமாந்துவிட்டேன். வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் பணத்தை எடுத்து வைப்பதற்கு முன் வண்டிக்கு அடியில் ஒருமுறை படுத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

40 அடி, மூன்று ஆக்சில், இரும்புச் சேஸிஸ். கறுப்புப் பெயிண்டில் பளபளவென்று நின்றது. மேல்தளப் பலகைகளில் நடுவில் இருந்த ஏழெட்டு மட்டும் புதுசு. "அப்பப்போ செலவு பண்ணி நல்லா வச்சிருக்கோம் சார்" என்றார் விற்றவர். நானும் அப்படித்தான் நினைத்தேன். டயர் பார்த்தேன், விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன், குனிந்து அடிப்பக்கம் எட்டிப் பார்த்தேன். எல்லாம் சுத்தமாக இருந்தது. "உள்ளது உள்ளபடி வாங்குகிறேன்" என்று ஒரு வரி இருந்த தாளில் கையெழுத்தும் போட்டேன். அந்த வரியை அன்று பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐந்தாவது மாதம், இரும்புத் தகட்டுச் சுருள் ஏற்றிக்கொண்டு போன டிரைவர் ராத்திரியில் போன் செய்தார். "அண்ணே, கட்டுன சங்கிலி தானா லூஸாகுது. ரெண்டு தடவை இறுக்கிட்டேன். தள்ளி நின்னு பார்த்தா வண்டி நடுவுல தொங்குற மாதிரி இருக்கு." அப்படியே ஓரமாக நிறுத்தச் சொன்னேன். மூன்றாவது தடவையும் இறுக்கிவிட்டு அவர் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. அவருடைய கண்ணுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

சரக்கை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். மேஸ்திரி, வண்டியின் நீளத்துக்கு ஓடும் வலப்பக்க மெயின் பீமின் கீழ்ப்பட்டையில், முன்கால் (டிரெய்லரைத் தனியாகக் கழற்றி நிறுத்தும்போது முன்பக்கத்தைத் தாங்கும் கால்) பொருத்தியிருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் பின்னால், வயர் பிரஷ் போட்டுத் தேய்த்தார். பெயிண்டுக்குக் கீழே பட்டி. பட்டிக்குக் கீழே, பட்டையின் குறுக்கே நேராக இழுத்த ஒரு பழைய வெல்டிங். அதன் மேல் மண்ணெண்ணெய் தடவி, கொஞ்ச நேரம் விட்டு, துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸைத் தேய்த்தார். ஒன்றிரண்டு நிமிடத்தில் அந்த வெள்ளையில் ஈரமாக ஒரு மெல்லிய கோடு எழுந்தது. வெல்டிங்கை ஒட்டியே, பட்டையின் ஓரத்தில் ஆரம்பித்து மேலே ஏறி, ஒரு சாண் நீளத்துக்கு விரிசல்.

லோடு ஏறும்போது பீமின் மேல்பட்டை அமுங்கும், கீழ்ப்பட்டை இழுபடும். விரிசலைப் பிளப்பது இந்த இழுப்புதான். அதனால் கீழ்ப்பட்டையில் குறுக்கே வெல்டிங் போடுவதைப் போல மோசமான ரிப்பேர் வேறு இல்லை. சூடு பட்ட இடத்துக்குப் பக்கத்தில் இரும்பு தன் பலத்தை இழந்துவிடும். அடுத்த விரிசல் அங்கேதான் வரும். "இதுக்கு மேல நான் வெல்டிங் வச்சா அது உங்களுக்குச் செய்ற துரோகம்" என்று மேஸ்திரி கைவிரித்துவிட்டார். நடுவில் மட்டும் பலகை புதுசாக இருந்ததற்கும் அப்போதுதான் காரணம் புரிந்தது. தகட்டுச் சுருள் தன் மொத்த எடையையும் நாலைந்து அடிக்குள் இறக்கும். பல வருஷம் அதே இடத்தில் சுருள் ஏற்றிப் பலகை நொறுங்கியிருக்கிறது. பலகையை நொறுக்கிய எடை பீமை மட்டும் விட்டுவைக்குமா? பராமரிப்பு என்று நான் நினைத்தது, உள்ளே இருந்த சேதத்தின் அடையாளம்.

விற்றவருக்குப் போன் செய்தேன். "பார்த்துத்தானே வாங்குனீங்க?" என்றார். அப்புறம் போனையே எடுக்கவில்லை. கையெழுத்துப் போட்ட தாள் அவர் பக்கம்.

இன்று போய்ப் பார்த்தால் நான் முதலில் எடுப்பது ஒரு நூல்கயிறு. பிளாட்பெட்டைக் கட்டும்போதே நடுப்பகுதி லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும்படி விடுவார்கள். லோடு ஏறினால் மட்டமாகும். காலி வண்டியில் முன்னாலிருந்து பின்னால்வரை கயிற்றை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். அந்த வளைவு இல்லாமல் மட்டமாகவோ தொங்கலாகவோ இருந்தால் சந்தேகப்படுங்கள். இரண்டு பக்கமும் பாருங்கள். எனக்கு வலப்பக்கம் மட்டும்தான் போயிருந்தது. சில வண்டிகளை மட்டமாகவே கட்டுவதும் உண்டு, அதனால் அந்த மாடல் எப்படி என்று தெரிந்த ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது காந்தம். பட்டி பூசிய இடத்தில் அது சரியாக ஒட்டாது. முன்கால் பக்கம், கழுத்து வளைந்து இறங்கும் இடம், ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ஹேங்கர் பீமோடு சேரும் இடம், இந்த மூன்றையும் விடாதீர்கள். சந்தேகம் வந்த இடத்தில் பெயிண்டைச் சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். துருவோடு, பழைய பெயிண்டோடு நிற்கிற வண்டி எவ்வளவோ மேல். அதில் விரிசல் இருந்தால் துருக்கோடாகத் தெரிந்துவிடும்.

டிரெய்லரை இழுக்கும் வண்டியோடு பூட்டும் கிங் பின்னை வெர்னியர் காலிப்பரில் அளக்க வேண்டும். 2 அங்குல பின் புதிதில் பிடிப்புப் பகுதியில் 50.8 மில்லிமீட்டர் இருக்கும். 49க்கு வந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். என்னுடையதில் அது நன்றாகவே இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். டயரில் ரப்பர் கட்டை எவ்வளவு மிச்சம் என்று மட்டும் பார்க்காமல் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தையும் படியுங்கள்: 3216 என்றால் 2016ஆம் வருஷம் 32ஆவது வாரம் செய்தது. ஒரே ஆக்சிலில் டயர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் ஆக்சில் நேராக இல்லாமல் இருக்கலாம். கிங் பின்னிலிருந்து முதல் ஆக்சிலின் இரண்டு முனைக்கும் டேப் வைத்து அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். சேஸிஸ் எண்ணைத் தகட்டில் பார்த்தால் போதாது, பீமில் குத்தியிருப்பதையும் படித்து ஒப்பிடுங்கள்.

"உள்ளது உள்ளபடி" என்ற தாளை நீட்டினால், சேஸிஸில் வெல்டிங் ரிப்பேர் செய்ததில்லை என்று அதே தாளில் விற்பவர் கைப்பட எழுதித் தரச் சொல்லுங்கள். அன்று நான் அதைக் கேட்டிருந்தால் அவர் எழுதியிருக்கமாட்டார், நானும் வாங்கியிருக்கமாட்டேன்.

டிரெய்லர் இப்போது பட்டறையின் பின்பக்கம் நிற்கிறது. ஆக்சில், ஸ்பிரிங், முன்கால் எல்லாவற்றையும் கழற்றித் தனியாக விற்கிறேன். சேஸிஸை முழுசாகக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். கொடுக்கவில்லை. விரிசல் இருக்கும் இடத்திலேயே கேஸ் கட்டிங் போட்டு இரண்டு துண்டாக்கிய பிறகுதான் அது பழைய இரும்புக்குப் போகும்.