‘கிறிஸ்துவுக்குள் நான் யார்?’ என்று தேடுகிறவருக்கு எந்தத் தமிழ் பைபிள்?

இந்தக் கேள்வியோடு கிறிஸ்தவப் புத்தகக் கடைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது, வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வசனம் அச்சடித்த ‘அறிக்கை’ அட்டைகளும் வசனக் காலண்டர்களும்தான். அந்தக் காசைச் சேர்த்து வைத்து நல்ல பைபிள் ஒன்று வாங்குங்கள். புதுச்சேரி, கடலூர் பக்கம் சிரமமில்லாமல் கிடைப்பவை இரண்டு. ஒன்று, சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகளில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பு. 1871-இல் ஹென்றி பவர் குழுவினர் முடித்த பணியின் வழி வந்தது. மற்றொன்று, 1995-இல் திண்டிவனத்திலுள்ள கத்தோலிக்க விவிலிய நடுநிலையம் வெளியிட்ட, பல சபையினருக்கும் பொதுவான மொழிபெயர்ப்பான திருவிவிலியம். இரண்டையும், எபேசு சபைக்குப் பவுல் எழுதிய கடிதமான எபேசியர் நிருபத்தில் வைத்துப் பார்க்கலாம். மொத்தமே 6 அதிகாரம், 155 வசனம்; ஒரே அமர்வில் முடித்துவிடலாம்.

முதல் அதிகாரம் 3 முதல் 14 வரை கிரேக்க மூலத்தில் ஒரே வாக்கியம். அதில் ‘கிறிஸ்துவுக்குள்’, ‘அவருக்குள்’ என்ற பொருள் பத்துத் தடவைக்கு மேல் வருகிறது. பவுல் சொல்லும் அடையாளமே அந்த ‘உள்’ளில்தான் இருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பு 1:4-இல் ‘கிறிஸ்துவுக்குள் நம்மைத் தெரிந்துகொண்டபடியே’ என்று அதைக் காப்பாற்றுகிறது. திருவிவிலியம் ‘கிறிஸ்து வழியாகத் தேர்ந்தெடுத்தார்’ என்கிறது. வழி என்றால் கடந்து போய்விடலாம். உள் என்றால் அங்கேயே குடியிருக்க வேண்டும். இது சிறிய இழப்பு இல்லை.

ஆனால் பழையதைத் தனியாகப் படிக்கிற இளைஞர் வேறு இடங்களில் தடுக்கி விழுவார். 1:14-இல் ஆவியானவர் ‘நம்முடைய சுதந்தரத்தின் அச்சாரம்’. அச்சாரம் நம் ஊரில் வீடு, நிலம் பேசி முடிக்கும்போது கொடுப்பதுதான், உடனே புரியும். சுதந்தரமோ இன்றைய காதில் விடுதலை என்று விழுகிறது. இங்கே அதன் பொருள் பிள்ளைக்கு வரும் சொத்துரிமை. திருவிவிலியத்தின் ‘உரிமைப்பேறு’ குழப்பமே வைக்கவில்லை. 1:5-இன் ‘சுவிகாரபுத்திரர்’ தத்துப்பிள்ளை என்று தெரியாமலே பலர் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். 2:10-இல் பழையது ‘தேவனுடைய செய்கை’. புதியது ‘கடவுளின் கைவேலைப்பாடு’. தன்னை மதிப்பற்றவராக நினைத்து வந்திருப்பவருக்கு இரண்டாவதைக் கொடுங்கள். திருவிவிலியத்தின் 2 கொரிந்தியர் 5:17-இல் ‘பழையன கழிந்து புதியன புகுந்தன’ என்று நன்னூலின் வாசனை வீசுவது அழகு.

மிகக் கவனமாகப் படிக்க வேண்டிய இடம் 1 பேதுரு 2:9. பழைய மொழிபெயர்ப்பில் ‘பரிசுத்த ஜாதி’. அந்தக் காலத்தில் ஜாதி என்பது மக்களினத்தையும் குறித்தது. இன்று அதைக் கேட்பவருக்கு வேறு எதுவோ ஞாபகம் வரும். திருவிவிலியம் ‘தூய மக்களினத்தினர்’ என்று தெளிவாக்கியது நம் மண்ணுக்கு அவசியமான திருத்தம். புதுச்சேரிக் கோயிலுக்குள் சாதி பிரித்து நின்ற சுவரையும், 1745-இல் அதற்கு எழுந்த எதிர்ப்பையும் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு பதிவு செய்திருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு எபேசியர் 2:14-க்கு வாருங்கள்: ‘பகையாக நின்ற பிரிவினையாகிய நடுச்சுவரைத் தகர்த்து’. இந்த வசனத்தில் பழைய மொழிபெயர்ப்பின் வேகம் நெஞ்சில் அறைகிறது.

அறிக்கை அட்டைகளில் என்ன கோளாறு என்றால், ‘நீங்கள்’ என்று பன்மையில் இருப்பதை ‘நான்’ என்று மாற்றி அச்சடிக்கிறார்கள். சபை முழுவதற்கும் சொன்னது தனிமனிதப் பெருமையாகச் சுருங்கிவிடுகிறது. இன்னொன்று, வரிசை. எபேசியரில் முதல் மூன்று அதிகாரமும் தேவன் செய்து முடித்தவை. 4:1-இல் ‘ஆதலால்’ வந்த பிறகுதான் நடக்கை. பலர் நாலாம் அதிகாரத்திலிருந்து தொடங்கி, நல்லவனாக நடந்தால் பிள்ளையாகலாம் என்று தலைகீழாகப் புரிந்துகொண்டு சோர்ந்துபோகிறார்கள். அதனால் முதல் வாரம் 1 முதல் 3 வரை மட்டும், தினமும். ‘உள்’ வருமிடத்தில் ஒரு நிறம், தேவன் வினைமுதலாக வருமிடத்தில் வேறு நிறம். ‘ஆதலால்’ மீது வட்டம் போட்ட பிறகு மேலே போங்கள்.

நிறம் தீட்ட மரப் பென்சில்தான். மெல்லிய தாளில் ஜெல் பேனாவும் ஹைலைட்டரும் பின்பக்கம் ஊறிவிடும். வாங்கும்போது நடுவில், சங்கீதத்தில் விரித்து மேசைமேல் வையுங்கள்; தானாக மூடிக்கொள்ளாமல் படுத்திருந்தால் தையல் நன்றாக இருக்கும், முதுகில் பசை மட்டும் என்றால் தாள் தாளாகக் கழன்று வரும். ஓரத்தில் ஒத்துவாக்கியம் (தொடர்புள்ள மற்ற வசனங்களின் குறிப்பு) உள்ள பதிப்பே வேண்டும், எழுத்து கொஞ்சம் சிறிதானாலும் பரவாயில்லை. ஜிப் உறை கடலோர ஈரப்பதத்தைப் பூட்டி வைத்துப் பூசணம் பிடிக்க வைக்கும். வீட்டில் திறந்தே வையுங்கள்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், புதிதாக வருகிறவருக்குத் திருவிவிலியம். அதில் நூற்பெயர்கள் மாறும்: ரோமர் அங்கே உரோமையர், யாத்திராகமம் விடுதலைப் பயணம். எபேசியர் முதல் அதிகாரத்தில் ‘வழியாக’ வரும் இடங்களில் ஓரத்தில் ‘உள்ளே’ என்று பென்சிலால் எழுதிக் கொடுங்கள்.