மருத்துவ ஆராய்ச்சி மானியம் வாங்கித் தருகிறேன் என்று வருகிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஓர் ஆலோசகர் சுற்றிக்கொண்டிருக்கிறார். மருத்துவக் கருவி, மூலிகை, பாசிப்பொருள் என்று எதையாவது செய்து பார்க்கிற சிறு தொழில்காரர்களாகத் தேடிப் பிடிக்கிறார். மத்திய அரசின் ஆராய்ச்சி மானியம் 50 லட்சம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். எங்களிடம் 1,35,000 ரூபாய் வாங்கினார். புகார் கொடுத்திருக்கிறோம், விசாரணை நடப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அவர் வேலை செய்யும் விதத்தை எழுதலாம், எழுத வேண்டும்.

நானும் என் மதனியும் கட்டக்கோரைப் பாசியிலிருந்து ஆல்ஜினேட் என்ற கூழ்ப்பொருளை எடுத்து, புண்ணுக்குப் போடும் கட்டு செய்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். மதனி பார்மசி படித்தவர். ஆல்ஜினேட் கட்டு எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. நீர் வடியும் புண்ணில் வைத்தால் நீரை உறிஞ்சிக் கூழாகிவிடும், பிரிக்கும்போது சதையைப் பிய்க்காது என்பதால் சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்குப் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். பாசி நம் கடலில் விளைகிறது, கட்டு வெளியூர்ப் பெட்டியில் வருகிறது என்ற எரிச்சல்தான் எங்களைத் தொடங்க வைத்தது. பாசி எடுக்கும் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டுதான் முங்குவார்கள். கரையேறி அந்தத் துணியை அவிழ்த்தால் விரல் நுனி வெளுத்து ஊறிப்போயிருக்கும். ஆறாத பழைய கீறலுக்கு மேலேயே புதுக்கீறல் ஓடும்.

அந்த மனிதர் வந்தது ஒரு தொழில் பயிற்சிக் கூட்டத்தின் வழியாக. நல்ல பேச்சு. மதனியை "டாக்டரம்மா" என்றும் என்னைத் "தம்பி" என்றும் அழைத்தார். பையில் அசோகச் சின்னம் போட்ட கோப்புகள். டெல்லி தாமதமானால் அமெரிக்காவின் சிறு தொழில் ஆராய்ச்சிப் பணத்தை வாங்கிவிடலாம் என்றும் சொன்னார். அவர் பேச்சில் பாதி உண்மை இருந்ததுதான் சிக்கல். அமெரிக்காவில் 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொடங்கிய எஸ்பிஐஆர் என்ற அந்தத் திட்டம் உண்மை. அங்கே மருத்துவ ஆராய்ச்சிக்கான தேசிய நிறுவனமான என்ஐஎச் அதன் வழியாகச் சிறு நிறுவனங்களுக்குப் பணம் தருவதும் உண்மை. ஆனால் விண்ணப்பிக்கும் நிறுவனம் அமெரிக்காவில் இயங்க வேண்டும், அதில் பாதிக்கு மேல் பொதுவாக அந்நாட்டுக் குடிமக்கள் அல்லது நிரந்தரவாசிகள் கையில் இருக்க வேண்டும். மண்டபத்தில் உட்கார்ந்து வாங்குகிற பணம் அல்ல அது. நம் நாட்டு உயிரித் தொழில்நுட்பத் துறை 2005-இல் எஸ்பிஐஆர்ஐ என்று கிட்டத்தட்ட அதே பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது. இரண்டையும் ஒன்றாகக் குழைத்துத்தான் அவர் கதை சொன்னார்.

அவர் காட்டிய 50 லட்சமும் கற்பனை அல்ல. அதே துறையின் கீழ் 2012-இல் அமைக்கப்பட்ட பைராக் நிறுவனம் 'பிக்' என்ற மானியத்தைத் தருகிறது. 50 லட்சம் வரை, 18 மாத வேலைக்கு. வழக்கமாக ஜனவரியிலும் ஜூலையிலும் அழைப்பு வரும். இணையத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். நிபுணர்கள் முன்னால் நாமே நின்று பேச வேண்டும். தேர்வானால் ஒப்பந்தம் போட்டு, வேலை நகர நகரத் தவணையாகத் தருவார்கள். இதில் இடையாள் நுழைவதற்கு இடமே இல்லை.

இனி அவர் போட்ட கணக்கு. உத்யம் என்ற சிறு தொழில் பதிவுக்கும் ஸ்டார்ட்அப் அங்கீகாரத்துக்கும் 12,000. இரண்டுமே அரசுத் தளங்களில் இலவசம். காப்புரிமைக்கு 28,000, தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய்தான். வழக்கறிஞர் எழுதிக் கொடுத்தால் அவர் கூலி தனி, அதை நான் குறை சொல்லவில்லை. இங்கே எழுதிய வழக்கறிஞர் யாரும் இல்லை. 'அமெரிக்க எஃப்டிஏ பதிவுச் சான்றிதழ்' 35,000. எஃப்டிஏ என்பது அந்நாட்டின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பு. தங்க நிற ஓரமும் கழுகுப் படமுமாக அது வந்தது. கருவித் தயாரிப்பாளர்களுக்குப் பதிவுச் சான்றிதழ் என்று எதையும் தாங்கள் தருவதில்லை என்று எஃப்டிஏயே தன் தளத்தில் எழுதி வைத்திருக்கிறது. அப்படியே அது அசலாக இருந்தாலும் இங்கே விற்க உதவாது. இந்தியாவில் இப்படிப்பட்ட கட்டுக்கும் 2017-ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகள்தான் செல்லும். சோதனைக்காகக் கொஞ்சமாகச் செய்து பார்ப்பதற்கே எம்டி-12 படிவத்தில் விண்ணப்பித்து எம்டி-13 உரிமம் வாங்க வேண்டும். இந்தப் பெயர்கள் ஒன்றுகூட அவர் வாயிலிருந்து வந்ததில்லை. உங்களிடம் வருகிற ஆலோசகரிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

மீதியில் 25,000 திட்ட அறிக்கைக்கு, 35,000 'டெல்லிச் செலவு'க்கு. அந்த அறிக்கையை மதனி வரிவரியாகப் படித்தார். பாதி வரைக்கும் புண், பாசி, ஆல்ஜினேட் என்று ஒழுங்காகத்தான் போனது. நடுவில் ஒரு பத்தியில், "இந்தக் கட்டைப் பயன்படுத்தினால் நோயாளியின் பார்வைத் திறன் மேம்படும்" என்று இருந்தது! யாரோ கண்புரைக் கருவிக்கு எழுதியதில் பெயரை மட்டும் மாற்றிச் செருகியிருக்கிறார். அடுத்த பக்கத்தில் ஒரு மருத்துவமனையின் ஆதரவுக் கடிதம். கையெழுத்து, முத்திரை எல்லாம் உண்டு. அந்த மருத்துவரை நாங்கள் பார்த்ததே இல்லை; மதனி தொலைபேசியில் கேட்டபோது அவரும் எங்களைக் கேள்விப்பட்டதில்லை என்றார். என்னைக் கேட்டால் பணம் போனதைவிட இதுதான் பெரிய ஆபத்து. இந்தக் கடிதம் எங்கள் பெயரில் டெல்லிக்குப் போயிருந்தால் அங்கே மோசடிக்காரர்கள் நாங்கள்தான்.

போகவில்லை என்பது பிறகு தெரிந்தது. 'அனுமதிக் கடிதம்' என்று ஒன்று வந்தது. ஒரு வாரத்தில் 50 லட்சமும் ஒரே தவணையில் கணக்கில் ஏறும், அதற்கு முன் இரண்டு சதவீதம், அதாவது ஒரு லட்சம், 'விடுவிப்புக் கட்டணம்' கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது. அனுப்பிய முகவரி சாதாரண ஜிமெயில். பைராக்குடன் சேர்ந்து இந்த மானியத்தை நடத்தும் இன்குபேஷன் மையம் (புதுத் தொழில்களை வளர்த்துவிடும் இடம்) ஒன்றைத் தொடர்புகொண்டோம். எங்கள் பெயரில் விண்ணப்பமே இல்லை, அப்படி ஒரு கட்டணமும் இல்லை என்றார்கள். விண்ணப்ப எண் என்று எதையாவது யாராவது கொடுத்தால், நடத்துகிற இடத்திலேயே கேட்டுவிடுங்கள். பொறுமையாகவே பதில் சொல்கிறார்கள்.

ஒரு லட்சத்தைக் கட்டவில்லை என்றதும் அவர் பேச்சிலிருந்து "டாக்டரம்மா"வும் "தம்பி"யும் மறைந்துபோயின. "உங்களை மாதிரி ஆட்களால்தான் இந்த மாவட்டம் முன்னேறவில்லை" என்று குரல் செய்தி அனுப்பினார். அதையும் புகாரோடு சேர்த்திருக்கிறோம். பணம் இணையவழியில் போனதால் இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழைத்துப் பதிவு செய்தோம். பிறகு எழுத்துப் புகார். பணம் போன உடனேயே அழைத்தால்தான் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். எங்கள் விஷயத்தில் கணக்கில் மிச்சம் எதுவும் இல்லை.

இன்னும் முடியாத தலைவலி காப்புரிமை. முதலில் அவர் அனுப்பியது ஓரம் வெட்டிய ரசீதுப் படம். பிறகு ஏதோ கைத்தவறுதலில் முழுக் கோப்பையும் மதனிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். முதல் படிவத்தில் கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் எங்கள் பெயர்கள். விண்ணப்பதாரர் என்ற இடத்தில் அவருடைய நிறுவனம். அவரிடம் ஏற்கெனவே காப்புரிமைக்குப் பணம் கொடுத்தவர்கள் இன்றே முழுப் படிவத்தையும் கேட்டு வாங்கி அந்த ஓர் இடத்தைப் பாருங்கள். எங்களுடையது தற்காலிக விண்ணப்பம். 12 மாதத்துக்குள் முழு விவரத்தை அவர் தாக்கல் செய்யாவிட்டால் கைவிடப்பட்டதாகிவிடும். செய்தால், அது வெளியிடப்பட்ட பிறகு, எங்களிடமிருந்து முறைகேடாகப் பெற்றது என்று காப்புரிமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி எதிர்ப்பு மனு கொடுக்கலாம் என்று மதுரையில் ஒரு வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். அதற்காக மதனி தேதி போட்டு எழுதிவந்த சோதனைக் குறிப்பேடுகளைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறோம்.