முதிய லிம்போமா நோயாளியின் ஊட்டநிலை: ரத்தக் கணக்கா, ஆறு கேள்விகளா?

எழுபது வயதைத் தாண்டியவருக்கு டிஎல்பிசிஎல் வகை லிம்போமா (வேகமாக வளரும் நிணநீர்ப் புற்றுநோய்) என்றால், ஆர்-சாப் என்ற கூட்டு மருந்துச் சிகிச்சையை உடல் தாங்குமா என்பதுதான் முதல் கவலை. ஊட்டநிலையை அளக்க இரண்டு வழிகள் பழக்கத்தில் உள்ளன.

முதலாவது ஜிஎன்ஆர்ஐ, முதியோரின் ஊட்டக்குறை ஆபத்தைக் காட்டும் எண். அது 2005இல் பிரான்சில் உருவானது. ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதம் டெசிலிட்டருக்கு எத்தனை கிராம் என்பதை 14.89ஆல் பெருக்கி, உடல் எடையை உகந்த எடையால் வகுத்து 41.7ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். 98க்கு மேல் போனால் ஆபத்தில்லை. 82க்குக் கீழே பெரிய ஆபத்து. எண் குறைவாக இருந்தவர்களின் ஆயுளும் குறைந்திருந்ததை ஜப்பானிய ஆய்வுகள் காட்டின. ஆனால் கவனியுங்கள்: எடை சரியாகவே இருந்தாலும் ஆல்புமின் 3 கிராம் என்றால் விடை 86தான். லிம்போமா கிளப்பும் அழற்சியே ஆல்புமினை இறக்கிவிடும். அதனால் இந்த எண் பட்டினியை மட்டும் சொல்வதில்லை, நோயின் வேகத்தையும் சேர்த்தே சொல்கிறது. ஆயுளை அது நன்றாகக் கணிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது எம்என்ஏ, முதியோரின் ஊட்டநிலையை அறியும் கேள்வித்தாள். அதன் சுருக்க வடிவத்தில் ஆறே கேள்விகள், மொத்தம் 14 புள்ளிகள். மூன்று மாதங்களில் சாப்பாடு குறைந்ததா, எடை இறங்கியதா, நடமாட்டம் எப்படி, மறதியோ மனச்சோர்வோ உண்டா என்று போகும். எடை பார்க்க முடியாதவருக்குக் கெண்டைக்கால் சுற்றளவு போதும். ரத்தமே எடுக்க வேண்டாம்.

நான் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். எங்கே கைகொடுக்கலாம் என்று இதுதான் காட்டுகிறது. அப்புறம் ஜிஎன்ஆர்ஐ போட்டுப் பார்க்கலாம். ஆல்புமின் எப்படியும் ரத்த அறிக்கையில் இருக்கும்.